அட்டை முழுவதும் லிங்க், உள்ளே தனி பட்டன்: ஒருவழியாக வழிக்கு வந்தது

வீட்டுப் புத்தகங்களுக்காக நான் செய்துவரும் வலைப்பக்கத்தில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் அட்டை, அதாவது கார்டு போன்ற பெட்டி. அட்டையில் எங்கே தொட்டாலும் புத்தகம் திறக்கிறது. மூலையில் இருக்கும் இதயத்தைத் தொட்டால் விருப்பப் பட்டியலில் சேர்வதோடு சரி. கேட்க அற்பமாக இருக்கும், மாட்டியவர்களுக்குத் தெரியும்.

பட்டனில் ஸ்டாப் ப்ராபகேஷன் (க்ளிக் வெளியே இருக்கும் அட்டைக்கும் பரவாமல் தடுக்கும் கட்டளை) போடு என்பதுதான் வழக்கமான வைத்தியம். எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. வெளியே க்ளிக் செய்தால் மூட வேண்டிய மெனு, டாக்குமென்டில், அதாவது முழுப் பக்கத்தின் மட்டத்தில், க்ளிக்குக்காகக் காத்திருக்கிறது; இதயத்தை அழுத்தினால் க்ளிக் அங்கே போய்ச் சேராது, மெனு திறந்தபடியே நிற்கும். அதைவிட அட்டையின் லிசனரில் (க்ளிக்கைக் கவனிக்கும் கோட்), டார்கெட்டிலிருந்து (க்ளிக் விழுந்த எலிமென்ட்) க்ளோசஸ்ட் போட்டு மேல்நோக்கித் தேடி, பட்டனோ லிங்க்கோ அகப்பட்டால் திரும்பிவிடுவது மேல். டார்கெட்டையே பட்டனோடு ஒப்பிட்டால் வேலைக்காகாது, விரல் படுவது பெரும்பாலும் இதயப் படமான எஸ்விஜிக்குள் இருக்கும் பாத் (அதை வரையும் கோடு) மீது.

ஆனால் அட்டை வெறும் டிவ் (லிங்க் அல்லாத பொதுவான பெட்டி) என்றால் மவுஸின் நடு பட்டனில் புது டேப் திறக்காது, ரைட் க்ளிக்கில் லிங்க் மெனு வராது. அட்டையையே லிங்க்குக்கான ஏ டேக்கில் சுற்றவும் வழியில்லை. உள்ளே எழுத்தாளர் பெயருக்கு இன்னொரு ஏ டேக் வந்ததுமே பிரவுசர் முதலாவதை மூடிவிடும்.

அதனால் தலைப்பில் மட்டும் நிஜ லிங்க். அதன் ஆஃப்டரை (சிஎஸ்எஸ் சேர்க்கும் போலி எலிமென்ட்) அப்சல்யூட், இன்செட் 0 (நான்கு ஓரமும் ஒட்டி) என்று அட்டை மேல் போர்த்திவிட்டேன். அந்த அப்சல்யூட்டுக்கு எல்லையாக அட்டைக்கு ரிலேட்டிவ். இதயமும் எழுத்தாளர் லிங்க்கும் இசட் இன்டெக்ஸ் 1-இல் மேலே. பூட்ஸ்ட்ராப் என்ற சிஎஸ்எஸ் தொகுப்பு 4.3-இலிருந்து ஸ்ட்ரெட்ச்டு லிங்க் என்று தருவதும் இதே வித்தைதான்.

இங்கேதான் ஒரு பேய் பிடித்தது. போனில் எல்லாம் சரி. லேப்டாப்பில் தலைப்பைத் தவிர எங்கே அழுத்தினாலும் அசையவில்லை. பிரவுசரின் டெவ் டூல்ஸில் பார்த்தால் ஆஃப்டர் அட்டை முழுக்கப் பரந்து கிடக்கிறது! காரணம் ஹோவர். மவுஸ் அட்டைக்குள் வந்ததும் தலைப்பு 4 பிக்சல் நகர வேண்டும் என்று ட்ரான்ஸ்ஃபார்ம் வைத்திருந்தேன். ட்ரான்ஸ்ஃபார்ம் வந்த எலிமென்ட், உள்ளே இருக்கும் அப்சல்யூட்டுக்கெல்லாம் தானே எல்லையாகிவிடும். மவுஸ் வந்தால் போர்வை தலைப்பளவுக்குச் சுருங்கும், போனால் விரியும். பார்க்கப் போனால் ஒளிந்துகொள்கிற பக். லிங்க்குக்குள் ஒரு ஸ்பான் வைத்து, இன்லைன் பிளாக் ஆக்கி, ட்ரான்ஸ்ஃபார்மை அதற்கு மாற்றினேன். ஆஃப்டர் ஸ்பானுக்கு வெளியே இருப்பதால் அசையவே இல்லை. நாள் முழுக்க அட்டையின் ஓரங்களையே அழுத்திக்கொண்டிருந்தேன்.

ஐகான்கள் ஃபெதர் தொகுப்பிலிருந்து. இலவசம், எம்ஐடி உரிமம். 24 பிக்சல் இதயம் என் கட்டைவிரலுக்குப் பத்தாது, பேடிங் கொடுத்து 44 ஆக்கியாயிற்று.

போர்வைக்கு அடியில் இருக்கும் வரிகளை மவுஸால் இழுத்து காப்பி எடுக்க முடியவில்லை, அது இன்னும் பாக்கி. அதற்குள் அட்டைகளை இழுத்து அலமாரி மாற்றும் வசதியில் கை வைத்துவிட்டேன். இழுத்தால் அட்டைக்குப் பதில் லிங்க் கையோடு வருகிறது. லிங்க்குக்கு ட்ராகபிள் ஃபால்ஸ் (இழுக்க வராதே) போட்டுப் பார்க்க வேண்டும்.