சமையலறைச் சுவரில் ஐந்து நாடுகள்

2025 ஜனவரியில் ஆஸ்லோவில் வந்து இறங்கியபோது எங்களுக்குப் பெரிய தலைவலி குளிர் இல்லை, குடும்பப் பெயர்தான். மதுரையில் ஒரு இனிஷியலை வைத்துக்கொண்டே காலம் ஓடிவிட்டது. இங்கே படிவம் விடவில்லை. கடைசியில் எனக்கு என் அப்பா பெயர், கணவருக்கு அவர் அப்பா பெயர், மகனுக்கு அவன் அப்பா பெயர் என்று பாஸ்போர்ட்டில் இருந்தபடியே ஏற்றினார்கள். அஞ்சல் பெட்டியில் மூன்றையும் ஒட்டி வைத்தோம். கீழ்வீட்டுப் பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, சம்பந்தமில்லாத மூன்று பேர் சேர்ந்து வீடு எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தாராம். இதை அவர் என்னிடம் சொன்னது செப்டம்பரில். அதுவரை படிக்கட்டில் பார்த்தால் ஒரு 'ஹெய்', அவ்வளவுதான்.

அவர் வாயைத் திறக்க வைத்தது மால்டோவா.

மகனுக்கு ஒன்பது வயது. பள்ளியில் மற்ற பையன்கள் பேசுவது பாதி புரியாது, ஆனால் கால்பந்துப் பேச்சு என்றால் காது நீண்டுவிடும். உலகக் கோப்பைக்கான ஐரோப்பியத் தகுதிச் சுற்றில் நார்வே 'ஐ' பிரிவில் இருந்தது. கூட இத்தாலி, இஸ்ரேல், எஸ்தோனியா, மால்டோவா. ஊரிலிருந்து எவர்சில்வர் டம்ளர்களைச் சுற்றிக்கொண்டு வந்த காலண்டர் தாள் ஒன்று இருந்தது, 2024 டிசம்பர். அதன் வெள்ளைப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஐந்து நாடுகளையும் எழுதினான். மேல் விளிம்பில் மட்டும் டேப் போட்டு சமையலறைச் சுவரில் ஒட்டினான். குழம்பு தாளிக்கும்போதெல்லாம் எனக்கு எதிரே இத்தாலி இருக்கும்.

பிரிவில் முதலிடம் வருபவர்கள் நேரே உலகக் கோப்பைக்குப் போகலாம். இரண்டாமிடம் என்றால் பிளே-ஆஃப் என்னும் கூடுதல் தகுதி ஆட்டங்களின் சோதனை. அதுவரை நார்வே கடைசியாக உலகக் கோப்பையில் ஆடியது 1998-இல். 2000-ஆம் ஆண்டின் 'யூரோ' என்னும் ஐரோப்பியக் கோப்பைக்குப் பிறகு பெரிய போட்டி எதற்குமே போயிருக்கவில்லை. இத்தாலியோ நான்கு முறை உலக சாம்பியன். அதனால் மார்ச்சில் மால்டோவாவை 5-0, இஸ்ரேலை 4-2 என்று ஜெயித்தபோதும் அலுவலகத்தில் யாரும் துள்ளவில்லை. "எப்படியும் கெடுத்துக்கொள்வோம்" என்று ஒருவர் காபியைக் கலக்கிக்கொண்டே சொன்னார். நம் ஊரில் மேட்ச் நாளில் சாமிக்கு வேண்டிக்கொள்வோம். இவர்கள் முன்கூட்டியே தோற்று வைத்துக்கொள்கிறார்கள்.

அந்த வசந்தத்தில்தான் மகனைப் பக்கத்து கிளப்பில் சேர்த்தோம். சேர்த்தால் பெற்றோருக்கும் வேலை உண்டு, 'டுக்னாட்' என்பார்கள், கூலியில்லாத கூட்டுவேலை. எனக்கு வாஃபிள் சுடும் பொறுப்பு வந்தது. தோசை ஊற்றிய கைக்கு அது பெரிய காரியமில்லை. முதல் ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளரிடம், அவரும் ஒரு பையனின் அப்பாதான், "எத்தனைக்கு எத்தனை?" என்று கேட்டேன். சிரித்தார். இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் புள்ளிப் பட்டியலே கிடையாதாம். அதோடு, ஓர் அணி நாலு கோல் பின்தங்கினால் கூடுதலாக ஒரு ஆளை இறக்கிக்கொள்ளலாமாம். ரேங்க் கார்டில் கையெழுத்து வாங்கி வளர்ந்த எனக்கு இது விளையாட்டாகவே படவில்லை. பட்டியல் இல்லாவிட்டால் பிள்ளை எதற்கு ஓடுவான் என்று வீட்டுக்கு வந்து கணவரிடம் புலம்பினேன். இப்போதும் முழுதாக மனம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

ஜூன் 6-ஆம் தேதி உல்லவோல் மைதானத்தில் இத்தாலியை 3-0. மூன்று கோலும் இடைவேளைக்கு முன்பே விழுந்துவிட்டன. காபிக்காரர் மறுவாரம் தன் வாக்கை லேசாகத் திருத்திக்கொண்டார்.

அப்புறம் செப்டம்பர் 9. மால்டோவாவுக்கு எதிராக 11-1. நார்வேயின் நட்சத்திர ஆட்டக்காரர் ஹாலண்ட் ஐந்து கோல், மாற்று ஆட்டக்காரராக இறங்கிய ஓஸ்கோர் நாலு. ஹாலண்ட் என்று நான் சொன்னால் மகன் திருத்துவான்: "ஹோலன்மா. டி சொல்லக் கூடாது." அன்று அவர் சட்டை முதுகில் 'பிரௌட் ஹோலன்' என்று இருந்தது. பிரௌட் அவருடைய அம்மா வழிப் பெயர் என்று தெரிந்ததும் கணவரை ஒரு பார்வை பார்த்தேன். "மால்டோவாவுக்கும் ஒரு ஆளைக் கூடக் குடுத்திருக்கணும்ல?" என்றான் மகன், கிண்டலே இல்லாமல்.

மறுநாள் அஞ்சல் பெட்டிப் பக்கம் கீழ்வீட்டுப் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். பதினொன்று என்பதைக் கைவிரல் பத்தும் காட்டி, இன்னொன்றும் காட்டினார். நான் அரைகுறை நார்வேஜிய மொழியில் கோல் வித்தியாசம் பற்றிச் சொன்னேன். இரண்டு அணிகள் புள்ளியில் சமமானால் முதலில் பார்ப்பது அதைத்தான், அதனால் இந்தப் பதினொன்றும் வீண்போகாது. சமையலறைச் சுவர் சொல்லிக்கொடுத்த பாடம். இருபது நிமிடம் பேசினார். மூன்று வாடகைக்காரர் கதை அப்போதுதான் வெளியே வந்தது.

அக்டோபரில் இஸ்ரேலுடன் இங்கே நடந்த ஆட்டத்துக்கு முன் ஊர் வேறு மாதிரி இருந்தது. டிக்கெட் வருமானத்தை காஸாவில் நடக்கும் நிவாரணப் பணிக்குத் தருவதாக நார்வே கால்பந்துச் சங்கமே அறிவித்திருந்தது. 5-0 என்று சுவரில் ஏறியது, ஆனால் மறுநாள் யாரும் கோலைப் பற்றி அதிகம் பேசவில்லை.

முருங்கைக்காய் வாங்கும் கடையில் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் இருக்கிறார். எண்பதுகளில் வந்தவர். நவம்பரில் கடைக்குப் போனபோது 98 உலகக் கோப்பை பற்றிக் கேட்டேன். கையிலிருந்த கறிவேப்பிலைக் கட்டைக் கீழே வைத்தார். "நான் அப்ப வடக்கிலை மீன் ஃபாக்டரியிலை, தங்கச்சி. பிரேசிலோடை மேட்ச். ராவு பதினொரு மணி ஆகப்போகுது, வெளியிலை நல்ல வெளிச்சம். ரெக்டால் பெனால்டி அடிச்சவுடனை, ஒரு வருசமா என்னோடை ஒரு வார்த்தை கதைக்காத மனுசன் என்னைக் கட்டிப்பிடிச்சுத் தூக்கினவன். அடுத்த நாள் திரும்பவும் கதைக்கேல்லை." சிரித்துக்கொண்டே கட்டை எடுத்து நிறுக்கப் போனார். அந்த ஆட்டத்தில் நார்வே 2-1 என்று ஜெயித்தது.

நவம்பர் 16, மிலானில் கடைசி ஆட்டம். நார்வே 21 புள்ளி, இத்தாலி 18. இத்தாலி முந்த வேண்டுமானால் ஒன்பது கோல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். செப்டம்பரின் பதினொன்று செய்த வேலை. பெரியவரையும் வீட்டுக்கு அழைத்திருந்தோம். செருப்பைக் கழற்றச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, இந்த ஒன்றில் இரண்டு ஊரும் ஒன்றுதான். பதினோராவது நிமிடத்தில் இத்தாலி முதல் கோலைப் போட்டதும் அவர் சுண்டல் தட்டைக் கீழே வைத்துவிட்டார். இன்னும் எட்டு வேண்டும் என்று மகன் விரலைக் காட்டியும் நம்பவில்லை. இரண்டாம் பாதியில் நூசா சமன் செய்து, ஹாலண்ட் இரண்டு நிமிடத்தில் இரண்டு போட்ட பிறகுதான் தட்டு மறுபடி மடிக்கு வந்தது. 4-1. எட்டு ஆட்டத்தில் எட்டு வெற்றி, 37 கோல், அதில் ஹாலண்ட் மட்டும் 16.

அடுத்த வாரம் சுவரைத் துடைப்பதற்காகத் தாளைத் தூக்கினேன். பின்பக்கம் டிசம்பர் மாதக் கட்டங்களுக்குள் பென்சிலில் குட்டிக் குட்டி எண்கள். 4-2, 1-6, 3-3. மகனுடைய அணி அந்த சீசன் முழுக்க ஆடிய ஆட்டங்கள். எதிரணி கூடுதல் ஆளை இறக்கிய நாளுக்கு ஒரு நட்சத்திரம். அடியில் கோல் வித்தியாசம்: மைனஸ் மூன்று.

"கோச்கிட்ட சொல்லிறாதம்மா" என்றான்.