பட்டா யார் பேரில் இருக்கு?

விவசாயிகளுக்கு மத்திய அரசு கொடுக்கிற பி.எம். கிசான் பணம் அப்பா கணக்கில் ஏறியிருக்கிறது. வருடத்துக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை. பட்டா அவர் பெயரில் இருப்பதால் அவர்தான் விவசாயி. வயலில் இறங்கி எத்தனை காலமாச்சு என்பது வேறு விஷயம். (மாதப் பென்ஷன் 10,000-ஐத் தொட்டிருந்தால் இதுவும் வந்திருக்காது.)

நாகர்கோவிலை அடுத்த பறக்கைப் பக்கம் அந்த வயலைப் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்துச் செய்கிற அண்ணாச்சிக்கு இதில் ஒரு பைசா கிடையாது. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகத்துக்கும் உழவு, நடவுக்கூலி, அறுப்பு மிஷின் வாடகை எல்லாம் அவர் கைக்காசு. எங்கள் பாட்டம் வெறும் வாய்ப்பேச்சுதான். எழுதி வைத்தாலும் இந்தத் திட்டத்தில் பலனில்லை.

அவருக்கு உருப்படியாகக் கிடைப்பது உர மானியம். 45 கிலோ யூரியா மூடை 266 ரூபாய் 50 காசு. மிஷினில் கைரேகை வைத்தால் போதும், பட்டா கேட்பதில்லை. மிச்ச விலையை உரக் கம்பெனிக்கு அரசு கொடுத்துவிடும்.

"மக்கா, அப்பாக்க ரூவாயில ஒரு மூடை டி.ஏ.பி. உரம் எடுத்துத் தரச் சொல்லு" என்றார் சிரித்துக்கொண்டே. அப்பாவிடம் சொன்னேன், சரி என்றுவிட்டார். அப்புறம் பாட்டத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன். அதற்கு மட்டும் இன்னும் பதில் இல்லை.