மேல் ரோட்டுக்கு 5 மாடி, கீழ் ரோட்டுக்கு 11 மாடி

கண்டியில் நாங்கள் கட்டிய தொடர்மாடிக்கு எத்தனை மாடி என்று யாராவது கேட்டால், எந்த ரோட்டில் நின்று கேட்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். மேல் ரோட்டிலிருந்து பார்த்தால் 5. கீழே இறங்கிப் போய் அண்ணாந்து பார்த்தால் 11. மலைநாட்டில் இதொன்றும் அதிசயமில்லை. ரோட்டோரம் ஒற்றை மாடிக் கடையாகத் தெரிவது பின்பக்கம் மூன்று மாடி இறங்கிப் போயிருக்கும்.

ஆனால் பாதுகாப்பு விதிகளுக்கு இந்த எண்ணிக்கைதான் உயிர். எத்தனை படிக்கட்டு, எவ்வளவு பெரிய தண்ணீர்த் தாங்கி, பம்ப், அலாரம், தீயணைப்பாளருக்கான லிப்ட் என்று எல்லாம் உயரத்தைப் பிடித்துக்கொண்டுதான் வரும். உரிமையாளர் கெட்டிக்காரர். வாசல் மேல் ரோட்டில்தானே இருக்கிறது, அதனால் இது 5 மாடிக் கட்டடம், மிச்சமெல்லாம் நிலவறை என்றார். எங்கள் பெரிய எஞ்சினியர் மறுக்கவே இல்லை. "சரி, நிலவறை என்றே எழுதுவோம். தீயணைப்பு வண்டி மேல் ரோட்டில்தான் நிற்கும். ஆட்கள் புகைக்கு எதிராகக் கீழே இறங்க வேண்டும். 6 மாடி நிலவறையில் குடும்பங்கள் குடியிருக்கின்றன என்று எழுதிக் கொடுத்தால் என்ன கேட்பார்கள் தெரியுமா?" என்றார். நிலவறைக்கு விதி இன்னும் இறுக்கம். அன்றிலிருந்து கட்டடம் எல்லோருக்கும் 11 மாடி ஆகிவிட்டது.

நான் அங்கே தொழில்நுட்ப உத்தியோகத்தர். சுருக்கமாகச் சொன்னால், கோவையை, அதாவது ஃபைலை, தூக்கிக்கொண்டு ஓடுகிறவன். மண்சரிவு அபாயத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை, கட்டுவதற்கு மாநகர சபை அனுமதி, தீயணைப்புப் பிரிவின் பரிசோதனை, கடைசியில் சீ.ஓ.சீ. என்று எல்லோரும் சொல்லும் இணக்கச் சான்றிதழ். அது கையில் வராமல் யாரும் குடிபுகக் கூடாது. வீடு வாங்கியவர்களுக்கு உறுதி என்கிற சொத்துப் பத்திரம் எழுதுவதும் அதற்காகத்தான் காத்துக்கிடக்கும். சைட் ஆபீஸ் சுவரில் பெரிய எஞ்சினியர் ஒரு பத்திரிகைப் படத்தை ஒட்டியிருந்தார். 2020 செப்டம்பர் 20ஆம் தேதி பூவெலிகடையில் ஓர் 5 மாடிக் கட்டடம் சரிந்து பக்கத்து வீட்டின் மேல் விழுந்து, கணவன், மனைவி, கைக்குழந்தை மூவரும் இறந்த செய்தி. அந்த இடம் எங்களுக்கு அதிகத் தூரமும் இல்லை.

பின்பக்கத் தாங்குசுவரில் மழைநீர் வடிவதற்கு வரிசையாக 3 அங்குலக் குழாய் வைத்திருந்தோம். ஒருநாள் காலை போய்ப் பார்த்தால் ஒன்றையும் காணோம். மேசன் பாஸ் அத்தனையையும் சாந்து வைத்துப் பூசி வழுவழு என்று ஆக்கியிருந்தார். "ஓட்டை ஓட்டையா அசிங்கமா இருந்திச்சு சேர்." மலைச்சரிவில் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தாலே எச்சரிக்கை தொடங்கிவிடும். அந்தத் தண்ணீரெல்லாம் சுவருக்குப் பின்னால் தேங்கி நின்றால் என்ன ஆகும் என்று அவருக்குச் சொல்லிப் புரியவைக்க ஒரு மத்தியானம் போனது. பெரிய எஞ்சினியர் தலையில் அடித்துக்கொண்டார். "திறந்திருக்க வேண்டியதை மூடுவீங்க, மூட வேண்டியதைத் திறந்து விடுவீங்க." அந்த இரண்டாவது பாதி எனக்கென்றே சொன்னது போல அடுத்த மாதம் நடந்தது.

மின்கம்பிகள் கீழிருந்து மேலே போகும் குழியை எல்லா மாடியிலும் அடைக்க வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் ஓர் அடிக்கு இரண்டு அடி துவாரம். கம்பிகள் அதில் கால்வாசியைத்தான் பிடிக்கும், மிச்சம் வெறுமை. நெருப்பு தாங்கும் சாந்தால் அதை நிரப்ப வேண்டும். பி.வி.சி. குழாய் போகிற இடத்தில், சூட்டில் வீங்கிக் குழாயை நெரித்து மூடிவிடும் பட்டி ஒன்று போட வேண்டும். வேலை முடிந்துவிட்டது என்று துணைக் கொந்தராத்துக்காரர் கையெழுத்துக் கேட்டு வந்தார். பரிசோதனைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. மேலே சாந்து நன்றாகவே தெரிந்தது. என்னமோ சந்தேகம். 7ஆம் மாடியில் குனிந்து ஸ்க்ரூட்ரைவரால் குத்தினேன். வெண்ணெயில் போவது போலப் போய்விட்டது. உள்ளே கசக்கித் திணித்த சிமெந்துப் பைகள். மேலே அரை அங்குலப் பூச்சு, அவ்வளவுதான். 8ஆம் மாடியில் பூச்சே இல்லை. தம்பி ஒருவனை அங்கே நிறுத்தி டோர்ச் அடிக்கச் சொன்னேன். பைகளின் இடுக்கு வழியாக வெளிச்சம் என் கைமேல் விழுந்தது.

"யாரு தம்பி இதையெல்லாம் குனிஞ்சு பார்க்கப் போறா?" என்றார் அவர்.

நான் பிறந்தது லயத்தில், தோட்டத் தொழிலாளர்களுக்கு ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய வீடுகளில். லயத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும், வீட்டுக்கு வீடு சுவர் இருக்கும், ஆனால் எங்கள் லயத்தில் அந்தச் சுவர் கூரையைத் தொடாது. முதல் வீட்டில் கருவாடு சுட்டால் ஆறாம் வீட்டில் தும்முவார்கள். சண்டையும் அப்படியே தகரத்துக்கு அடியில் தவழ்ந்து வரும். எனக்கு 7 வயது இருக்கும்போது கடைசி வீட்டில் தீப்பிடித்தது. நெருப்பு எங்களைத் தேடி வரவில்லை, முதலில் வந்தது புகை. அடுப்பே மூட்டாத எங்கள் வீட்டுக்குள் கண் தெரியவில்லை. அப்பா எங்களை வெளியே இழுத்துப் போட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் கூரை நீளத்துக்கும் சிவந்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் என் பிறப்புச் சான்றிதழ் இன்றைக்கும் மறுபிரதிதான்.

அதனால் கையெழுத்துப் போடவில்லை. வீரமெல்லாம் இல்லை, பயம்தான். திரும்ப உடைத்து அடைக்க 9 நாள். பரிசோதனை தள்ளிப்போனது. உரிமையாளர் போனில் திட்டியதை இங்கே எழுத முடியாது. பிறகு அதிகாரிகள் வந்தார்கள். தண்ணீர் 10 மீட்டர் ஏறுவதற்கே 1 பார் அழுத்தம் போய்விடும் என்பதால், மேல்மாடிக் குழாயைத் திறந்து வேகம் பார்த்தார்கள், மின்பிறப்பாக்கியை ஓட்டினார்கள், அலாரம் அடித்துப் பார்த்தார்கள். நல்ல மனிதர்கள், அவசரப்படவில்லை. இருந்தாலும் கம்பிக் குழியை 11 மாடியில் 2 மாடியில்தான் திறந்தார்கள். 7ஆம் மாடி அதில் இல்லை.

லண்டனில் 2017 ஜூன் 14ஆம் தேதி கிரென்ஃபெல் டவர் எரிந்து 72 பேர் இறந்த பிறகு, 2022இல் அங்கே புதுச் சட்டம் வந்தது. 18 மீட்டர் அல்லது 7 மாடிக்குக் குறையாத குடியிருப்புகளின் பாதுகாப்பு விவரங்களைக் கட்டடம் இருக்கும் வரை எழுதிப் பேண வேண்டும் என்கிறது அது. அதைப் படித்திருந்ததால் ஒவ்வொரு துவாரத்தையும் அடைக்கும் முன்னும் பின்னும் படம் எடுத்து, மாடி எண் போட்டு, ஒரு கோவையாக்கி நிர்வாகக் குழுவிடம் கொடுத்தேன். போன வருஷம் வேறு வேலையாக அங்கே போனபோது அது பத்திரமாக இருந்தது. கேத்தலுக்கு அடியில்.

அப்படியே படிக்கட்டால் இறங்கினேன். தீத்தடுப்புக் கதவுகள் தானாக மூடிக்கொள்ள வேண்டியவை. 6ஆம் மாடியில் ஒன்று அகலத் திறந்து கிடந்தது. இடையில் ஓர் அம்மிக்கல். வீட்டுக்கார அம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மகன் கொழும்பில் உழைத்து வாங்கிக் கொடுத்த வீடு, அதற்கு முன் மஸ்கெலியாப் பக்கம் லயத்தில் இருந்தாராம். அம்மியில் அரைத்தால் கீழ்வீட்டுக்காரர்கள் சத்தம் போடுகிறார்கள், சும்மா கிடக்கிறதே என்று கதவுக்கு வைத்தாராம்.

நெருப்பு, புகை, படிக்கட்டு எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரிதான் தம்பி. ஆனா கதவ மூடிட்டா யாரு போறா, யாரு வாறான்னே தெரியலையே. லயத்துல இருந்த ஆளு நானு."

அம்மியைத் தள்ளி வைத்தேன். கதவு மெதுவாக வந்து க்ளிக் என்று பூட்டிக்கொண்டது. 5ஆம் மாடிக்கு இறங்குவதற்குள் மேலே கல் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.