எங்கள் ஊர்ப் பள்ளிக்குத் தண்ணீர் வந்த கதை

என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் கழிப்பறைக்கு ஓடுவாள். பள்ளிக் கழிப்பறைக்குப் போக முடியாமல் காலையிலிருந்து அடக்கி வைத்திருப்பாள். அடக்க முடியாதே என்று தண்ணீரும் குடிக்க மாட்டாள். கொடுத்தனுப்பிய பாட்டில் அப்படியே திரும்பி வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அப்படித்தான் என்று தெரிந்த பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. 2022-ல் தமிழ்நாடு முழுக்கப் பள்ளி மேலாண்மைக் குழுக்களை மறுகட்டமைப்பு செய்தபோது, எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் கூட்டத்துக்குப் போனேன். தலைவராக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நான் பத்தாவது வரை படித்தவள், வீட்டிலேயே தையல் தைக்கிறேன். குழுவில் முக்கால் பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை எழுதுவதும், வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் இந்தக் குழுவின் வேலை.

முதல் கூட்டத்தில் எல்லாவற்றையும் எழுதினோம். கழிப்பறை, தண்ணீர், சுற்றுச்சுவர், ஒழுகும் கூரை, பெஞ்சு, டிவி. வட்டார வள மையத்திலிருந்து வந்திருந்த ஆசிரியர் பயிற்றுநர் பட்டியலை வாங்கிப் படித்தார். "எல்லாம் நியாயம்தாம்மா. இதுல எது எந்தக் காசுல வரும்னு பக்கத்துல எழுதுங்க" என்றார். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. பெரிய டீச்சருக்கு, அதாவது தலைமையாசிரியைக்கு, தெரிந்தது, ஆனால் அதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை.

அன்றைக்கு அவர்கள் இருவரும் விளக்கியதை நான் தையல் அளவு எழுதும் நோட்டில் குறித்துக்கொண்டேன். ஆசிரியர் சம்பளம் அரசு தருவது, நமக்கு அதில் வேலையில்லை. கட்டடம் ஒன்றியத்துக்குச் சொந்தம். கூரை, சுவர் என்றால் ஒன்றியப் பொறியாளர் வந்து பார்த்து மதிப்பீடு போட வேண்டும், வட்டார வளர்ச்சி அலுவலர் நிதி ஒதுக்க வேண்டும். நம் கையில் இருப்பது, மத்திய, மாநில அரசுகள் பள்ளிகளுக்காக நடத்தும் சமக்ர சிக்ஷா திட்டத்தில் வரும் பள்ளி மானியம் மட்டும். அது பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. எங்கள் பள்ளியில் 64 பேர், அதனால் வருடத்துக்கு 25,000 ரூபாய். நூறைத் தாண்டினால் 50,000. அதில் பத்தில் ஒரு பங்காவது சுத்தம், சுகாதாரத்துக்குச் செலவழிக்க வேண்டும்.

சாக்பீஸ், பதிவேடு, பழுதுபார்ப்பு எல்லாம் இந்த 25,000-க்குள்தான். பட்டியலை அடித்து அடித்துக் கடைசியில் இரண்டு வரி நின்றது. மானியத்தில் மோட்டாரும் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டியும். கழிப்பறைக்கு ஒன்றியத்திடம் மனு. தீர்மானப் பதிவேட்டில் எழுதி, வந்திருந்த எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினோம்.

பொருள் வாங்குவதுதான் எனக்குப் பெரிய பாடமாக இருந்தது. மூன்று கடையில் கொட்டேஷன் வாங்க வேண்டும் என்றார் பெரிய டீச்சர். நானும் குழுவில் இருந்த ஓர் அக்காவும் பஸ் ஏறி டவுனுக்குப் போனோம். முதல் கடைக்காரர் எங்களை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "மூணு கொட்டேஷனும் நானே தந்துர்றேன்மா, வேற பேர்ல லெட்டர்பேடு இருக்கு. எல்லாரும் அப்படித்தான் வாங்குறாங்க" என்றார். அலைச்சல் மிச்சம் என்று ஒரு நிமிடம் எனக்கும் தோன்றியது. அக்காதான், "அப்ப இதுதான் சரியான வெலைன்னு எங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?" என்று கேட்டார். எழுந்து வந்துவிட்டோம். அந்தக் கேள்விக்காக நான் அவரை இன்றைக்கும் கும்பிடுவேன்.

மூன்று தனித்தனிக் கடைகளில் வாங்கிய தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது இன்னொன்று புரிந்தது. விலை குறைவாக இருந்த தாளில் பைப்பும் இல்லை, பொருத்துக் கூலியும் இல்லை. இன்னொன்றில் மோட்டார் அரை ஹெச்பி. கேட்கும்போதே ஒரே மாதிரி கேட்டிருக்க வேண்டும். திரும்பவும் போனோம். இந்த முறை ஒரு தாளில் மோட்டார் எத்தனை ஹெச்பி, தொட்டி எத்தனை லிட்டர், பைப் எத்தனை அடி, கூலி, உத்தரவாதம் எல்லாம் எழுதி மூன்று கடைக்கும் அதே தாளைக் கொடுத்தோம். அதன் பிறகுதான் ஒப்பீட்டுப் பட்டியல் போட முடிந்தது. நீங்கள் குழுவில் இருந்தால் இதை முதல் நடையிலேயே செய்யுங்கள்.

பணத்தைக் கையில் எடுத்துக் கொடுக்க முடியாது. கடையின் வங்கிக் கணக்கை, அரசுப் பணம் பட்டுவாடா ஆகும் பிஎஃப்எம்எஸ் என்ற இணையதளத்தில் ஏற்றி, அதன் வழியாகத்தான் போக வேண்டும். மார்ச் 31-க்குள் செலவாகாத பணம் நிற்காது என்பதால் பெரிய டீச்சர் ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து அதை முடித்தார். தொட்டி வந்ததும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றி நான் கையெழுத்துப் போட்டேன்.

கழிப்பறை மனு ஐந்து மாதம் ஓர் அலுவலகத்தில் கிடந்தது. நான் போகும்போதெல்லாம் "பார்க்கிறோம்" என்றார்கள். ஒருநாள் அங்கிருந்த எழுத்தர் ஒருவர் கோப்பை எடுத்துக் காட்டினார். எங்கள் மனுவோடு தீர்மான நகல் இல்லை. அதை யாரும் எங்களிடம் சொல்லவே இல்லை. எத்தனை பஸ் டிக்கெட், எத்தனை நாள் வேலை போச்சு! அன்றே நகல் எடுத்து, முத்திரை வைத்து, ஒப்புகையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஊராட்சிச் செயலர் இன்னொரு வழியும் சொன்னார். மத்திய அரசின் பதினைந்தாவது நிதிக் குழு மானியமாக அப்போது ஊராட்சிக்கு வந்த பணத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும். பள்ளிக் கழிப்பறையை அதில் கேட்கலாம் என்றார். அடுத்த ஜனவரி 26 கிராம சபைக்குப் பதினோரு அம்மாக்கள் போனோம். எனக்கு மைக்கில் பேசி வழக்கமில்லை, குரல் நடுங்கியது. பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதை மட்டும் சொன்னேன். கூட்டம் அமைதியாகிவிட்டது. தீர்மானம் நிறைவேறியது. தீர்மான எண்ணை அங்கேயே கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஓவர்சியர் வந்து அளந்தார். கழிவுத் தொட்டியே உடைந்திருந்ததால் மதிப்பீடு கூடியது, வேலை முடியத் தீபாவளி தாண்டிவிட்டது. பெண் பிள்ளைகளுக்கு இரண்டு, பையன்களுக்கு ஒன்று, உள்ளேயே குழாய்.

2024-ல் மகள் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போனதால் குழுவில் என் இடம் முடிந்தது. சுற்றுச்சுவர் இன்னும் வரவில்லை. புதிதாக வந்த தலைவர் ஒன்றாம் வகுப்புப் பையனின் அம்மா. அவர் வீட்டுக்குப் போய் என் தையல் நோட்டைக் கொடுத்தேன். சுற்றுச்சுவர் மனுவின் ஒப்புகையும் தீர்மான நகலும் அதற்குள்ளேயே இருக்கின்றன.