பெரியகுளத்திலிருந்து மதுரைக்கு ஓர் அம்பாசடர்

பெரியகுளத்தில் தாய்மாமா வீட்டுக் கொட்டகையில் பல ஆண்டுகளாக ஓடாமல் நின்றிருந்த 1986ஆம் ஆண்டு மார்க் 4 அம்பாசடர், "சரி பண்ணி ஓட்டுறதா இருந்தா எடுத்துக்கோடா" என்ற ஒரே வாக்கியத்தில் என் பொறுப்புக்கு வந்தது. எனக்குத் தெரிந்த லேத் பட்டறையும், நிதானமாக வேலை பார்க்க நிழலான இடமும் மதுரையில்தான் இருக்கின்றன என்பதால், வண்டியை அங்கே கொண்டு போவது எப்படி என்பதே முதல் கேள்வியாக இருந்தது.

மாமாவுக்கு அதில் ஐயமே இல்லை. ஆண்டிப்பட்டிக் கணவாய் ஏற்றத்தைத் தவிர்த்து, தேவதானப்பட்டி, வத்தலக்குண்டு, நிலக்கோட்டை வழியாக மெதுவாக ஓட்டிச் செல்லலாம், சூடேறினால் ஓரங்கட்டித் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம் என்றார். அவர் தலைமுறைக்கு அது பழகிய வித்தை. மலைப்பாதையில் பெட்ரோல் பம்பு சூடாகி, பெட்ரோல் ஆவியாக மாறி வண்டி நின்றுவிட்டால், ஈரத்துணியைப் பம்பின்மேல் சுற்றிச் சற்று நேரம் ஆறவிட்டு மீண்டும் கிளப்பிக்கொண்டு போனவர்கள் அவர்கள். பெட்ரோல் வராத கோளாறையும், பாயிண்ட் (பெட்ரோலைப் பற்றவைக்கும் தீப்பொறிக்கான தொடுமுனை) தேய்ந்து பொறி சரியாக விழாத கோளாறையும் அப்படித் தாஜா செய்து ஊர் போய்ச் சேரலாம். ஆனால் தண்ணீரும் எஞ்சின் ஆயிலும் சம்பந்தப்பட்ட கோளாறு வேறு வகை. அங்கே ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் செலவை ஏற்றிக்கொண்டே போகும்.

எது எந்த வகை என்று பார்ப்பதற்காக உள்ளூர் மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தோம். புதுப் பேட்டரி மாட்டி, கார்புரேட்டரைத் துடைத்து, பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றியதும், அந்த 1489 சிசி எஞ்சின் சிறிது இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. மாமாவின் முகம் மலர்ந்தது. மெக்கானிக் மட்டும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஆக்ஸிலரேட்டரைச் சற்றுக் கூட்டியபோதெல்லாம் தண்ணீரில் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. சிலிண்டருக்குள் எரியும் வாயு எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் தகட்டைத் தாண்டித் தண்ணீர் ஓடும் பாதைக்குள் புகுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. வண்டியை நிறுத்தி, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துணியில் வைத்துக் காட்டினார்; தண்ணீர் கலந்த ஆயில், பால் தூக்கலாகப் போட்ட காபியின் நிறத்தில் இருந்தது. "தம்பி, இது ஓடும். ஆனா வத்தலக்குண்டு தாண்டாது" என்றார்.

தண்ணீர் கலந்த ஆயில், எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கைத் தாங்கும் பேரிங்குகளுக்கு நடுவே படலமாக நிற்காது. உலோகத்தோடு உலோகம் உராயும். கேஸ்கட் மாற்றி ஹெட்டைச் சமன்படுத்துவதோடு முடிய வேண்டிய வேலை, கிராங்கைக் கழற்றிக் கடைசல் பிடிக்கும் வேலையாக வளர்ந்துவிடும்.

கயிறு கட்டி இழுக்கலாமே என்று அடுத்த யோசனை வந்தது. இந்த மாடலில் பிரேக்குக்கு எஞ்சினின் உதவி கிடையாது என்பதால், எஞ்சின் ஓடாவிட்டாலும் பிரேக் பிடிக்கும். இன்றைய கார்களைவிட இழுத்துச் செல்ல ஏற்றது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் நெடுநாள் நின்றதில், சக்கரங்களில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர்கள் கசிந்து, பெடல் தரையைத் தொட்டது. இரண்டு வண்டிகளுக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்கிற விதிக்கு உட்பட்டு, பிரேக் இல்லாத காரை லாரிகள் நடுவே இழுத்துச் செல்வது நடக்கிற காரியமில்லை. போதாததற்குப் பதிவும் காப்பீடும் காலாவதியாகியிருந்தன.

ஆகவே சாய்தளம் உள்ள ரெக்கவரி வண்டியை வரவழைத்தோம். ஏற்றுவதற்கு முன் டயர்களில் காற்றடித்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, ரேடியேட்டர் தண்ணீரை வடித்தோம். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது ஆயில் விட்டது மெக்கானிக்கின் யோசனை. பட்டறையில் ஹெட்டைக் கழற்றும்வரை உள்ளே துரு பிடிக்காமல் இருக்கும் என்றார். கம்பிவடத்தால் வண்டி மேலேறியதும், கட்டுப்பட்டைகளை பம்பரிலோ அச்சிலோ மாட்டாமல் நான்கு சக்கரங்களின்மீதே போட்டு இறுக்கச் சொன்னேன். முன்பக்கம் டார்ஷன் பார் சஸ்பென்ஷன், அதாவது முறுக்கிக்கொண்டு அதிர்வைத் தாங்கும் கம்பிகள். கண்ட இடத்தில் கொக்கி போட்டு இழுத்தால் எதையாவது வளைத்து வைப்பார்கள். வாடகை சற்றுக் கூடுதல்தான், ஆனால் ஒரு கிராங்க் வேலையின் கூலியோடு ஒப்பிட்டால் பேச்சுக்கே இடமில்லை.

மதுரையில் ஹெட்டைக் கழற்றியபோது, கேஸ்கட் இரண்டாவது சிலிண்டரின் ஓரத்தில் கருகி அரிக்கப்பட்டிருந்தது. வார்ப்பிரும்பு ஹெட் என்பதால் கோணல் சிறிதளவே. பரப்பைச் சமமாகச் சீவும் ஒரு ஃபேசிங் போதும் என்று லேத்காரர் சொல்லிவிட்டார். எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பை இறக்கிப் பார்த்ததில் பேரிங்குகளில் கீறல் இல்லை. 2014இல் உற்பத்தி நின்ற வண்டியானாலும் கேஸ்கட் செட் எளிதாகவே கிடைத்தது. வீல் சிலிண்டர் ரப்பர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பிரேக் முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வண்டியைக் கொண்டு போக வேண்டும்.