சைக்கிள் டைனமோவில் கேட்ட விவால்டி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பள்ளி முடிந்த பிறகு எங்கள் சங்கீத ரீச்சர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, கசெட் போடுவார். மிதியைக் கையால் சுற்றுவது பிள்ளைகளின் முறை. கை ஓய்ந்தால் சுருதி இறங்கிவிடும். "சுத்தடி பிள்ளை!" என்று சத்தம் வரும். அப்படித்தான் இத்தாலிய இசையமைப்பாளர் அந்தோனியோ விவால்டியின் 'குளிர்காலம்' என்ற வயலின் இசையை வியர்வை வழியக் கேட்டேன்.

ரீச்சர் பழகியது கர்நாடக வயலின். ஆனாலும் விவால்டி மேல் அவருக்குத் தனிப் பிரியம், அவரும் பெண்பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுத்தவர் என்பதால். 1678இல் வெனிஸில் பிறந்தவர். 1703இல் கத்தோலிக்கக் குருவானார். செம்பட்டைத் தலைமுடியைப் பார்த்து ஊர் அவரைச் 'சிவப்புச் சுவாமியார்' என்றது. நெஞ்சு இறுக்கத்தால் பூசை வைப்பதைச் சீக்கிரமே விட்டுவிட்டார். குருவான அதே ஆண்டில் பியெத்தா என்னும் இல்லத்தில் வயலின் ஆசிரியராகச் சேர்ந்தார்.

பியெத்தா பற்றிப் பேசும்போது ரீச்சரின் குரல் தாழ்ந்துவிடும். பெற்றவர்கள் விட்டுப்போன பிள்ளைகள் வளர்ந்த இடம் அது. குடும்பப் பெயர் இல்லாததால் வாத்தியமே பெயரோடு ஒட்டிக்கொள்ளும். அங்கே வளர்ந்து பேரெடுத்தவர் 'வயலின் அன்னா மரியா'. கம்பி அழிகளுக்குப் பின்னால் இருந்துதான் வாசிப்பார்கள். எங்கெங்கிருந்தோ வந்த சனம் முகம் தெரியாமலே கேட்டு உருகியது. 1723இல் அந்த இல்லத்துக்கு மாதம் இரண்டு கொன்சேர்ட்டோ, அதாவது தனி வாத்தியமும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் உருப்படி, எழுதித் தர விவால்டி ஒப்புக்கொண்டார். மொத்தம் ஐந்நூறளவில் எழுதினார். எல்லாம் ஒரே மாதிரி என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. பசூன் என்ற ஊதுவாத்தியத்துக்கு மட்டுமே முப்பதுக்கு மேல் எழுதியிருக்கிறார், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம்.

அவருடைய கொன்சேர்ட்டோ பெரும்பாலும் வேகம், நிதானம், மீண்டும் வேகம் என்று மூன்று பகுதியாக வரும். குழு முழுவதும் ஒரு வரியை வாசிக்கும். தனி வயலின் அதிலிருந்து பிரிந்து பறக்கும். பிறகு குழு அதே வரியோடு வந்து சேரும். இந்தத் திரும்புதலுக்கு ரித்தோர்னெல்லோ என்று பெயர். "பல்லவிக்கு வாற மாதிரித்தான். ஆனா இங்க ஷட்ஜமே இடம் மாறும், கவனியுங்கோ" என்பார் ரீச்சர். அந்த ஒரு வரி விளக்கத்துக்கு மேல் நான் பின்னாளில் எந்த வகுப்பிலும் கேட்கவில்லை.

1711இல் அச்சான மூன்றாம் தொகுப்பின் ஆறாவது கொன்சேர்ட்டோவை எங்களுக்காக ஸ்வரமாக எழுதித் தந்தார். கிட்டத்தட்ட நடபைரவி ராகம், நிஷாதம் ('நி') மட்டும் இடையிடையே ஏறும். விரல் சின்னவர்களுக்கு வேறு விரல்முறை குறித்திருந்தார்.

டொரொன்டோவில் என் முதல் பனிக்காலத்தில் 'குளிர்கால'த்தை மறுபடி கேட்டேன். தொடக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும் அந்த நடுக்கம் அப்போதுதான் உடம்பில் புரிந்தது. அப்புறம் நடுப்பகுதி: வெளியே மழை, உள்ளே அடுப்பங்கரைச் சூடு. மற்ற வயலின்கள் தந்தியை விரலால் மீட்டி மழைத்துளி போடும்.

விவால்டி 1741இல் வியன்னாவில் வறுமையில் இறந்தார். 1920களில்தான் அவருடைய கையெழுத்துப் பிரதிகளில் பெரும்பகுதி இத்தாலியில் கண்டெடுக்கப்பட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த இரண்டு குடும்பங்கள், அந்தப் பிள்ளைகளின் நினைவாகப் பணம் கொடுத்து அவற்றைத் தூரின் நகரத்து நூலகம் ஒன்றுக்கு வாங்கித் தந்தன.

என் ஸ்வரக் கொப்பி 1995 இடப்பெயர்வில் தொலைந்துபோனது. அந்த வகுப்பில் இருந்த யாரிடமாவது ரீச்சர் எழுதித் தந்த பக்கம் இருந்தால், படம் பிடித்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள்.