மயிலியின் தட்டில் பச்சைக்கறி

பாளையங்கோட்டையில் எங்கள் வீடு தலைமுறைகளாகச் சைவ வீடு. அதனால் எங்கள் கன்னி இன நாய் மயிலிக்கு நான்கு வயது வரை தயிர்ச்சோறும், சொதி மிஞ்சிய நாட்களில் அதைப் பிசைந்த சோறும்தான் உணவாக இருந்தன. சொதியில் கிடக்கும் சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. சென்ற ஆண்டு அவளுடைய முடி மங்கி, முதுகெல்லாம் சொறியத் தொடங்கியபோது, தோலைச் சுரண்டிப் பார்த்த கால்நடை மருத்துவர் உண்ணி, சிரங்கு எதுவும் இல்லை என்றும், உணவில் புரதம் போதவில்லை என்றும் கூறினார். கறியை அவிக்காமல் பச்சையாகவே கொடுப்பதென்று முடிவு செய்தேன். அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்: "ஏட்டி, நாம சைவம்னா அதுவும் சைவமாவா கெடக்கணும்? குடு. அடுக்களைக்குள்ள மட்டும் கொண்டாந்துராத."

பின்கட்டில் ஒரு பழைய குளிர்பெட்டியும் தனிக் கத்தியும் தனிப் பலகையும் ஏற்பாடாயின. மயிலியின் எடை 18 கிலோ. வளர்ந்த நாய்க்கு உடல் எடையில் 2 முதல் 3 சதவீதம் என்ற பொதுக் கணக்கின்படி நாளொன்றுக்கு 450 கிராம் என வைத்துக்கொண்டு, பச்சை உணவு கொடுப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் பங்கீட்டில், அதாவது சதைக்கறி 80, எலும்பு 10, ஈரல் முதலான உள்ளுறுப்புகள் 10 சதவீதம் என்ற அளவில், மேலப்பாளையத்துக் கறிக்கடையில் வாங்கத் தொடங்கினேன். சோற்றைக் குறைத்துக் கறியைக் கூட்டி, பத்து நாட்களில் மாற்றினேன்.

எலும்பு ஏன் வேண்டும் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் வெறும் கறியை மட்டும் போட்டு நாயைக் கெடுப்பவர்கள் பலர். 100 கிராம் சதைக்கறியில் பாஸ்பரஸ் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இருக்கும்போது கால்சியம் 10 மில்லிகிராம் அளவில்தான் இருக்கிறது. நாய்க்கோ கால்சியம் பாஸ்பரஸைவிடச் சற்றுக் கூடுதலாக வேண்டும். இந்தக் குறை நீடித்தால் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவி எடுத்துக்கொள்ளும். குட்டிகளுக்குக் கால் வளைவது இதனால்தான். நான் எதிர்ப்பக்கமாகத் தவறினேன். கோழிக் கழுத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எலும்பு என்பதை அறியாமல் அதையே மிகுதியாகக் கொடுத்ததில், மயிலியின் மலம் சுண்ணாம்புக் கட்டிபோல் வெளுத்து இறுகி, இரண்டு நாட்கள் அவள் முக்கித் தவித்தாள். அந்தத் தவிப்பைப் பார்த்த பிறகு எடைத் தராசு இல்லாமல் நான் எதையும் தட்டில் வைப்பதில்லை.

ஆனால் என்னை உண்மையில் நிறுத்தி யோசிக்க வைத்தது ஈரல். ஆடு மாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் எக்கினோகாக்கஸ் என்னும் நாடாப்புழுவின் நீர்க்கட்டிகள் இருக்கக்கூடும். அவற்றைப் பச்சையாகத் தின்ற நாயின் குடலில் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுக்கள் வளர்ந்து, ஆறேழு வாரங்களில் முட்டைகள் மலத்தோடு வெளியேறத் தொடங்குகின்றன. நாய்க்கு இதனால் எந்தத் துன்பமும் தெரியாது. ஓடும், விளையாடும், நம் கையை நக்கும். அந்த முட்டை மனிதரின் வயிற்றுக்குள் போனால்தான் ஈரலிலோ நுரையீரலிலோ கட்டியாக ஆண்டுக்கணக்கில் வளர்ந்து, அறுவைச் சிகிச்சை வரை கொண்டுபோகிறது. மருத்துவர் இதை விளக்கியபோது, மயிலியின் தலையைத் தடவிவிட்டு வெற்றிலை மடிக்கும் அம்மாவின் கைதான் என் நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து ஈரலையும் சுவரொட்டி எனப்படும் மண்ணீரலையும் நன்றாக அவித்தே கொடுக்கிறேன். நுரையீரல் வாங்குவதே இல்லை. மருத்துவர் குறித்த இடைவெளியில் பிராசிகுவான்டல் என்னும் நாடாப்புழு மாத்திரையும் தவறுவதில்லை. சாளை மீனையும் அவிக்கிறேன், பச்சைச் சாளையில் தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தை அழிக்கும் நொதி இருப்பதால்.

சால்மொனெல்லா போன்ற கிருமிகள் குளிர்பெட்டியில் உறங்குமே தவிர முற்றிலும் சாவதில்லை என்பதையும், மின்சாரம் போகும் சித்திரை மதியத்தில் அவை எப்படிப் பெருகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2012-இல் பச்சைக்கறி உணவு வேண்டாம் என்று கொள்கை வகுத்ததும் இக்கிருமிகளை முன்னிட்டே.

மூன்று மாதங்களில் மயிலியின் சொறி நின்றது, முடி கருகருவென்று மின்னியது. இதைப் பச்சைக்கறியின் வெற்றி என்று எழுத என் மனம் ஒப்பவில்லை. சோறு குறைந்து கறி கூடியது, வெங்காயம் நின்றது, பூச்சி மருந்து ஒழுங்காகியது. இவற்றுள் எது குணப்படுத்தியதோ, அவிக்காமல் கொடுத்ததுதான் காரணம் என்று சொல்ல என்னிடம் சான்றில்லை. நாய் ஓநாய்தானே, சோறு ஆகாது என்பவர்களோடும் நான் உடன்படவில்லை. மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் நகல்கள் ஓநாயைவிட நாய்க்கு மிகுதி என்று 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் ஊர் வேட்டை நாய்கள் கம்பங்கூழ் குடித்துத்தானே முயல் விரட்டின!

வரும் மே விடுமுறையில் அண்ணன் பிள்ளைகள் வருகிறார்கள். சிறியவனுக்கு இரண்டு வயது, தட்டில் கைவைக்காமல் இருக்க மாட்டான். அந்த ஒரு மாதமும் கறி முழுவதையும் அவித்தே கொடுக்கப் போகிறேன். அவித்த எலும்பு சிலாம்புகளாக உடைந்து குடலைக் குத்தும் என்பதால் எலும்பை நிறுத்திவிட்டு, 450 கிராம் கறிக்கு அரைத் தேக்கரண்டி முட்டையோட்டுப் பொடி சேர்ப்பதாக மருத்துவரிடம் பேசி வைத்திருக்கிறேன். எதிர்வீட்டு அக்கா ஓடுகளைக் கழுவி, வெயிலில் காயவைத்துச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.